காலையில் ஓசூர்க் குளிர், மாலையில் தருமபுரி வெயில்: பங்குனிக்கு முகத்தை எப்படித் தயார் செய்வது?

பாலக்கோட்டில் இருந்து ராயக்கோட்டை வழியாக தினமும் ஓசூருக்கு வேலைக்குப் போகும் ஒரு தங்கச்சியின் கேள்வி இது. காலையில் போடும் மேக்கப் ஓசூரில் இறங்கும்போதே மூக்கோரம் திட்டுத் திட்டாக உரிகிறதாம். மாலை ஊர் திரும்புவதற்குள் நெற்றியில் எண்ணெய் வழிகிறதாம். போட்டோ எடுத்தால் முகம் சாம்பல் பூத்த மாதிரி விழுகிறதாம். பங்குனிக் கடைசியில் கிருஷ்ணகிரியில் தோழியின் கல்யாணம். குளிர் போய் வெயில் ஏறும் இந்த சீசனுக்குப் பளிச்சென்று, புதுசாகத் தெரிய வேண்டும், இரண்டாயிரம் ரூபாய்க்குள் என்ன வாங்குவது, எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறாள். போகிற போக்கில் இன்னும் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறாள். பல்லில் பழுப்புக் கறை இருப்பதால் எந்த லிப்ஸ்டிக் போட்டாலும் சிரிக்கக் கூச்சமாக இருக்கிறது. தெரிந்தவர் கொடுத்த ஒரு நைட் கிரீம் போட்டு ஒரே வாரத்தில் முகம் வெளுத்தது, இப்போது வெயிலில் எரிகிறது.

தருமபுரியில் பதினாறு வருடமாக பார்லர் நடத்துகிறேன். அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாய், அதனால் வீட்டுப் பிள்ளையிடம் பேசுவது போலவே எழுதுகிறேன்.

அந்த நைட் கிரீமில் இருந்து தொடங்குகிறேன். அதைச் சரி செய்யாமல் மேலே எதைப் பூசினாலும் நிற்காது. டப்பாவைத் திருப்பிப் பார். உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறார்கள், யார் தயாரித்தது, லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, இதெல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். ஒன்றுமே இல்லாத டப்பா என்றால் அதை முகத்துக்குப் பக்கத்தில்கூடக் கொண்டு போகாதே. விவரம் இருந்தால், பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசோல், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்று தேடு. மூன்றுமே ஸ்டீராய்டு. தோல் நோய்க்கு டாக்டர் அளந்து, நாள் சொல்லிக் கொடுக்கும் மருந்து. 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அப்படியும் அழகு கிரீம் என்ற பெயரில் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

முதலில் முகம் கண்ணாடி மாதிரி ஆகும், எல்லோரும் விசாரிப்பார்கள். அப்புறம் தோல் மெலிந்துவிடும். கன்னத்தில் சிவப்பாக நரம்பு தெரியும், பரு கிளம்பும், சிலருக்குப் பூனைமுடி அடர்த்தியாகும், வெயில் பட்டால் எரியும். நிறுத்தினால் முகம் சிவந்து முன்பைவிட மோசமாகும், பயந்து மறுபடி போடுவார்கள். நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த வழியில் கால் வைத்துவிட்டாய் என்றே எனக்குத் தோன்றுகிறது. டப்பாவையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் டாக்டரைப் பார். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தோல் பிரிவு இருக்கிறது. எப்படி நிறுத்துவது என்பதை அவர் சொல்லட்டும். எரிச்சல் அடங்கும் வரை பிளீச், ஃபேஷியல், ஸ்கிரப் எதுவும் வேண்டாம், எந்த பார்லர் அழைத்தாலும் போகாதே, என் பார்லர் உட்பட.

சரி, இப்போது மேக்கப்புக்கு வருவோம்.

உன் முகம் ஒரே நாளில் இரண்டு ஊர்த் தட்பவெப்பத்தைப் பார்க்கிறது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரம். ஓசூர் 900 மீட்டரைத் தொடுகிறது. ராயக்கோட்டை தாண்டிய பிறகு காற்று மாறுவது பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதே தெரியும். அந்த ஈரமில்லாத குளிர்காற்று ஜன்னல் வழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் முகத்தில் அடித்தால் மூக்கோரமும் வாயோரமும் காய்ந்துவிடும். காய்ந்த இடத்தில் பவுண்டேஷன் பிடித்து நிற்காது, பொரிந்து எழும்பும். மாலையில் வெயில் ஊருக்குள் இறங்கும்போது அதே முகம் எண்ணெய் கக்கும். எண்ணெய்ப் பசை முகம் என்று நினைத்து நீ மாய்ஸ்சரைசரை விட்டிருப்பாய். காலைத் தொல்லைக்குப் பாதிக் காரணம் அதுதான்.

இன்னொரு பாதி, தண்ணீர். நம் பக்கத்து போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பக்கெட்டில் வெள்ளைத் திட்டுப் படியும். அதே திட்டு முகத்திலும் படிகிறது. உப்புத் தண்ணீரும் குளியல் சோப்பும் சேர்ந்தால் ஒருவித மெழுகு மாதிரியான அழுக்கு உண்டாகும், கழுவினாலும் முழுதாகப் போகாது. தோல் இறுகும், அதன் மேல் கிரீம் இழையாது. அதனால் முகத்துக்கு சோப்பை நிறுத்திவிட்டு, சோப்பு கலக்காத மென்மையான ஃபேஸ்வாஷ் வாங்கு. அது உப்புத் தண்ணீரிலும் சுத்தமாகப் போகும். கடைசியாக ஒரு சொம்பு குடிநீரால் முகத்தை அலசு. ஒரு சொம்பு போதும். என் பார்லருக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்லும் முதல் மாற்றம் இதுதான், பத்து நாளில் வித்தியாசம் கைக்குத் தெரியும்.

முகம் துடைத்த ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். பட்டாணி அளவு போதும், ஜெல் மாதிரி இருப்பதாகப் பார்த்து வாங்கு. மூக்கோரமும் வாயோரமும் மட்டும் இன்னொரு தொட்டு வை. ஐந்து நிமிடம் விடு, அதற்குள் டிபன் பாக்ஸ் கட்டிவிடலாம். அப்புறம் சன்ஸ்கிரீன்.

சன்ஸ்கிரீனில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் ஒவ்வொரு கோடு பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். எஸ்.பி.எஃப். 30 என்றால், வெயிலில் தோலைச் சிவக்க வைக்கும் யு.வி.பி. கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் அளவைக் குறைத்தால் இரண்டுமே பாதி வேலைகூடச் செய்யாது. மங்கு வருவதற்கு வெயிலில் உள்ள இன்னொரு கதிரான யு.வி.ஏ. பெரிய காரணம் என்பதால் பி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று, நான்கு கூட்டல் குறி இருக்கிறதா என்று பார். ஓசூர் குளிராக இருக்கிறது, வெயில் சுடவில்லை என்று விடாதே. உயரம் கூடக் கூட இந்தக் கதிர் கூடத்தான் செய்யும், ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் அளவுக்கு. ஜன்னல் கண்ணாடியும் யு.வி.பி.யைத்தான் நன்றாகத் தடுக்கும், யு.வி.ஏ.யைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். கம்பெனி பஸ்ஸில் வலது பக்க ஜன்னலோரம் உட்காராதே. காலையில் வடக்கு நோக்கிப் போகும்போது கிழக்கு வெயில் வலது பக்கம். மாலையில் தெற்கு நோக்கித் திரும்பும்போது மேற்கு வெயிலும் அதே வலது பக்கம். இந்த ரூட்டில் வருடக்கணக்காகப் போய் வரும் பெண்கள் சிலருக்கு வலது கன்னத்தில் மட்டும் மங்கு கூடுதலாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, சாம்பல் பூத்த முகம். உன் கேள்வியில் முக்கியமானது இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பத்து வருடம் முன்பு ஒரு மணப்பெண்ணுக்கு மேக்கப் போட்டேன். நல்ல மாநிறம், செம்பு கலந்த மாதிரி ஒரு மினுக்கம். பெண்ணின் வீட்டார், கொஞ்சம் கலராகக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நானும் இரண்டு ஷேடு வெளிறிய பவுண்டேஷனைப் போட்டுவிட்டேன். மண்டபத்து டியூப் லைட்டில் எல்லோருக்கும் திருப்தி. ஆல்பம் வந்த பிறகு அந்தப் பெண் எடுத்துக்கொண்டு வந்தாள். முகம் தனியாக, கழுத்து தனியாக, கை தனியாக. ஒவ்வொரு படத்திலும் முகத்தில் மட்டும் விபூதி தூவிய மாதிரி. அவள் கோபப்படவில்லை, "அக்கா, இது நான் இல்லையே" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு எனக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதன் பிறகு யார் எவ்வளவு கேட்டாலும் வெளிறிய ஷேடு போடுவதில்லை.

சாம்பல் நிறம் எப்படி வருகிறது என்றால், நம் தோலின் அடியில் மஞ்சளும் செம்மண்ணும் கலந்த ஒரு சாயல் இருக்கிறது. அதன் மேல் ரோஸ் கலந்த, வெள்ளைப் பொடி அதிகமுள்ள பவுண்டேஷனைப் போட்டால் இரண்டும் சேர்ந்து சாம்பலாகத்தான் தெரியும். டைட்டானியம் டை ஆக்சைடு, ஜிங்க் ஆக்சைடு இரண்டும் வெள்ளைப் பொடிகள். சில சன்ஸ்கிரீனிலும் காம்பாக்டிலும் இவை அதிகம், பிளாஷ் வெளிச்சத்தில் திருப்பி அடிக்கும். அதனால்தான் கண்ணாடியில் நன்றாக இருக்கும் முகம் போட்டோவில் வெளுக்கிறது.

கடையில் மணிக்கட்டில் தடவிப் பார்த்து வாங்குவதை விட்டுவிடு. கையின் உள்பக்கம் வெயில் படாத இடம், முகத்தோடு ஒத்துப் போகாது. தாடை எலும்பின் ஓரத்தில், பாதி முகத்திலும் பாதி கழுத்திலும் படுகிற மாதிரி மூன்று ஷேடுகளைக் கோடாக இழு. கடையை விட்டு வெளியே வா. நிழலான பகல் வெளிச்சத்தில் நின்று, செல்போன் கேமராவில் பிளாஷ் போட்டு ஒரு படம், போடாமல் ஒரு படம் எடு. உடனே முடிவு செய்யாதே. பதினைந்து நிமிடம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பூக்கடை வரை நடந்துவிட்டு வா. சில பவுண்டேஷன் காற்றுப் பட்டதும் ஒரு ஷேடு கறுக்கும். திரும்பி வந்து பார்க்கும்போது எந்தக் கோடு காணாமல் போயிருக்கிறதோ அதுதான் உன்னுடையது. மேபிலின் ஃபிட் மீயில் 128, 230, 310, 330 என்று எண்கள் வரும். மாநிறப் பெண்ணுக்கும் கடையில் 128-ஐ எடுத்து நீட்டுவார்கள். நீ 310-இல் இருந்து தேட ஆரம்பி. அதிலேயே பளபளப்பு இல்லாத மேட் வகை, ஈரமாகத் தெரியும் வகை என்று இரண்டு உண்டு, காலையில் காய்ந்துபோகும் உன் முகத்துக்கு இரண்டாவதுதான் சரி. வேறு பிராண்டாக இருந்தாலும் இதே முறைதான்.

பங்குனியில் காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கம் போனால் மாந்தோப்பில் அங்கங்கே தளிர் விட்டிருக்கும். அந்தத் தளிரைக் கையில் எடுத்து வெயிலில் பார். பச்சை இன்னும் வரவில்லை, செம்பும் ரோஜாவும் பழுப்பும் கலந்து, மேலே லேசாக எண்ணெய் தடவிய மாதிரி ஒரு மினுமினுப்பு. சங்கப் பாட்டுகளில் பெண்ணின் நிறத்துக்கு மாமை என்று பெயர், உரைகாரர்கள் அதை மாந்தளிர் நிறம் என்று விளக்குவார்கள். ஈராயிரம் வருடமாக நம் ஊர் அழகு என்று சொன்ன நிறம் உன் முகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. இந்த சீசனுக்கு நான் சொல்லும் மேக்கப் முழுவதும் அந்தத் தளிரைப் பார்த்துத்தான்: மெலிசாக, ஈரமாக, அடியில் உள்ள நிறம் தெரிகிற மாதிரி.

போடும் விதம் இதுதான். பவுண்டேஷனை முகம் முழுக்கப் பூசாதே. ஒரு அழுத்து புறங்கையில் எடுத்துக்கொள். மோதிர விரலால் மூக்கின் இரு பக்கம், முகவாய், நெற்றி நடு, கன்னத்தின் உள்பக்கம் என்று புள்ளி வை. ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி, துணியில் சுற்றி நன்றாகப் பிழி. ஈரம் இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. தேய்க்காமல் ஒற்று, சின்னச் சின்ன ஒற்றலாக உள்ளே இருந்து வெளியே போ. காதோரமும் தாடையோரமும் வரும்போது ஸ்பாஞ்சில் மீதம் இருப்பதே போதும். மூக்கோரத்தில் ஸ்பாஞ்சின் கூரான முனையால் நாலு ஒற்று, அவ்வளவுதான், அங்கேதான் எல்லோரும் அதிகம் வைத்து உரிய விடுகிறார்கள். முழுசும் ஒரு நிமிட வேலை. பூசும்போது அழுக்கு உருளுவது போல் சின்னச் சின்ன உருண்டை வந்தால், கீழே போட்டதும் மேலே போட்டதும் ஒத்துப் போகவில்லை என்று அர்த்தம். லேபிளில் முதல் நாலைந்து பெயருக்குள் டைமெத்திகோன் இருந்தால் அது சிலிக்கோன் சேர்ந்தது, தண்ணீர்ப் பதமான ஒன்றின் மேல் அது சில நேரம் உருளும். ஒரே வகையாக வைத்துக்கொள், இல்லாவிட்டால் சன்ஸ்கிரீன் நன்றாகக் காயும் வரை பொறு.

கண்ணுக்குக் கீழே கருவளையம், வாயைச் சுற்றிக் கறுப்பு, இரண்டும் நம் தோலுக்குச் சகஜம். கறுப்பை மறைக்க விற்கும் கன்சீலரை வெளிறிய நிறத்தில் நேரடியாக அப்பினால் அங்கேயும் சாம்பல்தான். கறுப்பை அடக்கும் ஆரஞ்சு கலந்த கரெக்டர் கிரீம், அரிசி மணி அளவு, கறுப்பு இருக்கும் இடத்தில் மட்டும் ஒற்றி, அதன் மேல் உன் பவுண்டேஷனையே மெல்லிசாகப் போடு. தனியாக கன்சீலர் வாங்க வேண்டாம், அந்தக் காசு மிச்சம்.

கன்னத்துக்குப் பொடி பிளஷ் வேண்டாம், கிரீம் வாங்கு. காய்ந்த தோலில் பொடி உட்கார்ந்து தெரியும். வெளிர் ரோஸ் நமக்கு வெள்ளைத் திட்டாகத் தெரியும். செங்கல் நிறம், பவளம், அடர்ந்த ரோஜா, இதில் ஏதாவது ஒன்று. ஓசூர்ப் பக்கம் பசுமைக் குடிலில் வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சிவப்பு ரோஜாவின் ஓரத்து இதழ், வாடத் தொடங்கும்போது ஒரு நிறம் வரும் பார், அது மாநிறக் கன்னத்துக்கு அப்படிப் பொருந்தும். விரலில் எடுத்து, சிரித்தால் மேடாகும் இடத்துக்குச் சற்று மேலே வைத்து, நெற்றியோரம் நோக்கி ஒற்றிக்கொண்டே போ. மூக்கின் மேல் மிச்சத்தைத் தொடு. வெயிலில் லேசாகச் சிவந்த மாதிரி இருக்கும், முகத்துக்குப் புதுசு அங்கே இருந்துதான் வருகிறது. கிரீம் பிளஷ் போட்ட பிறகு பவுடரை நெற்றி நடுவிலும் மூக்கின் மேலும் முகவாயிலும் மட்டும் போடு, கன்னத்தை விட்டுவிடு.

கண்ணுக்கு மை. மேலிமையில் முடியின் வேரோடு ஒட்டி ஒரு கோடு, அதைப் பழுப்பு ஐஷேடோவால் மேலே ஒற்றினால் வியர்வையிலும் ஓடாது. கீழிமையின் உள்ளே காலையிலேயே மை போட்டால் ராயக்கோட்டைக் காற்றில் கண் கலங்கி ஓடும், ஓசூரில் இறங்கிய பிறகு போட்டுக்கொள். பெயர் இல்லாத டப்பாவில் வரும் சுர்மா, கண்மைகளில் சிலவற்றில் ஈயம் கலந்திருக்கும், குழந்தைகளுக்கு அது ரொம்ப ஆபத்து, வீட்டில் குட்டி இருந்தால் அதற்கும் போடாதீர்கள். மை பென்சிலை யாரோடும் பங்கு போடாதே, கண்வலி சீசன் பக்கத்தில் இருக்கிறது. மஸ்காரா திறந்து மூன்று மாதத்தில் தூக்கிப் போட வேண்டியது என்பதால் கல்யாணத்துக்கு மட்டும் சின்ன அளவில் வாங்கினால் போதும்.

இப்போது உதடு. உன் பல்லைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்ததும் எத்தனையோ முகங்கள் ஞாபகத்துக்கு வந்தன. நம் மாவட்டத்து நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அளவு, பல கிராமங்களில் அதைத் தாண்டியது. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த குழந்தைகளுக்கு ஈறுக்குள் பல் உருவாகும்போதே கறை சேர்ந்துவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் வந்தது. அதற்கு முன் வளர்ந்தவள் நீ. நீ பல் துலக்கியது சரியில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அது பொய். பேஸ்ட்டை மாற்றியோ, எலுமிச்சை, உப்பு, கரித்தூள் தேய்த்தோ இது போகாது, பல்தான் தேயும். வேண்டுமானால் பல் டாக்டரிடம் போய், கறையின் ஆழம் பார்த்து என்ன செய்யலாம் என்று கேட்கலாம்.

அதுவரை லிப்ஸ்டிக் நிறத்திலேயே நிறையச் செய்யலாம். ஆரஞ்சு, காப்பிப் பழுப்பு, உதட்டு நிறமே தெரியாத வெளிர் ஷேடு, இவை மூன்றும் பல்லின் மஞ்சளையும் பழுப்பையும் எடுத்துக் காட்டும். நீ இதுவரை வாங்கியது இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும், இப்போது எல்லாரும் போடுவது அந்த ஷேடுகள்தானே. அடியில் நீலம் கலந்த சிவப்புகளுக்கு மாறு: நாவல்பழம் கடித்த உதடு மாதிரி, பீட்ரூட் சாறு மாதிரி, மாதுளை முத்து மாதிரி. நீலச் சாயல் பக்கத்தில் இருந்தால் மஞ்சள் அடங்கும், பல் ஒரு படி வெளுப்பாகத் தெரியும். கடையில் ஷேடு பார்க்கும்போது வெள்ளைத் தாளில் ஒரு கோடு இழுத்து, விரலால் ஓரத்தை மெலிசாகத் தேய்த்துப் பார். ஓரம் ஊதாப் பக்கம் போனால் எடுத்துக்கொள், செங்கல் பக்கம் போனால் வைத்துவிடு. ஒரு நாள் நாவல்பழ நிறத்தைப் போட்டு, விரலால் ஒற்றிக் கறை மாதிரி மட்டும் விட்டு, பல் தெரியச் சிரித்து ஒரு போட்டோ எடு. பழைய போட்டோவோடு பக்கத்தில் வைத்துப் பார். என்னிடம் வந்த ஒரு டீச்சர், இருபது வருடமாக வாயைக் கையால் மூடிச் சிரித்தவர், இந்த ஒரு ஷேடு மாற்றத்தில் ரிசப்ஷன் முழுக்கக் கையை இறக்கிவிட்டார்.

இன்னொன்று, இது மாங்காய் சீசன். காம்பில் இருந்து வடியும் பால் உதட்டோரம் பட்டால் சிலருக்குக் கொப்புளமும் அரிப்பும் வரும், கறுப்பு வாரக்கணக்கில் நிற்கும். முந்திரிக்கொட்டைப் பால் சுடுகிற மாதிரிதான், இரண்டும் ஒரே குடும்பத்து மரம். காம்புப் பக்கத்தை வெட்டி எறிந்து, தண்ணீரில் ஊற வைத்து, தோல் சீவிச் சாப்பிடு. கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாங்காயைத் தோலோடு கடிக்கவே வேண்டாம். ஏற்கெனவே புண் இருந்தால் ஆறும் வரை லிப்ஸ்டிக் போடாமல் வெறும் வாசலின் போடு.

கல்யாணத்துக்கு என்று தனியாகப் பெரிதாக எதுவும் இல்லை. முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் விடியற்காலை முகூர்த்தம் என்றுதானே இருக்கும். ரிசப்ஷனுக்கு மேலே சொன்னதோடு பிளஷையும் உதட்டையும் ஒரு படி கூட்டு, மேடை விளக்கு நிறத்தைத் தின்றுவிடும். முகூர்த்தத்துக்குத் தூக்கமில்லாமல் கண் வீங்கியிருக்கும், துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை இரண்டு நிமிடம் ஒற்றிவிட்டுத் தொடங்கு, பவுண்டேஷனைப் பாதியாகக் குறை. த்ரெட்டிங் இரண்டு நாள் முன்பே முடித்துவிடு. தோழிக்கு நலங்கு வைக்கும்போது உன் கன்னத்திலும் மஞ்சளைப் பூசுவார்கள், விளையாட்டுத்தான், ஆனால் மஞ்சள் ஏறிய முகத்தில் எந்த ஷேடும் ஒட்டாது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, பயத்தம் மாவு போட்டுக் கழுவினால் பெரும்பாலும் இறங்கும்.

மதியம் எண்ணெய் வழியும்போது அதன் மேல் காம்பாக்டை அப்பாதே, அந்தக் குழம்புதான் மாலையில் திட்டாகிறது. முதலில் டிஷ்யூவை ஒற்றி எண்ணெயை எடு. சன்ஸ்கிரீன் மறுபடி போட வேண்டியது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றாலும், நீ கட்டடத்துக்குள் இருப்பதால் மாலை கிளம்புவதற்கு முன் ஒருமுறையாவது போடு. அதே ஸ்பாஞ்சில் கொஞ்சம் எடுத்து ஒற்றினால் மேக்கப் கலையாது.

இரண்டாயிரத்தை எப்படிப் பிரிப்பது என்றால், கால்வாசியை சன்ஸ்கிரீனுக்கு வை. இன்னொரு கால்வாசி பவுண்டேஷன். மீதியில் ஃபேஸ்வாஷ், ஜெல் மாய்ஸ்சரைசர், ஒரு நாவல்பழ லிப்ஸ்டிக், ஒரு கண்மை, சின்ன கரெக்டர், ஸ்பாஞ்ச். தனியாக கிரீம் பிளஷ் வாங்கப் பணம் போதாவிட்டால் அந்த லிப்ஸ்டிக்கையே விரலில் தொட்டுக் கன்னத்தில் ஒற்று, அழகாக இருக்கும். பிரைமர், ஹைலைட்டர், செட்டிங் ஸ்பிரே இப்போதைக்கு வேண்டாம். பெரிய பிராண்டு பெயரில் பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படு. எழுத்து மங்கியிருக்கிறதா, பேட்ச் எண் பெட்டியிலும் பாட்டிலிலும் ஒன்றாக இருக்கிறதா, சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பணம் கொடு. புதுசாக வாங்கிய எதையும் காதுக்குப் பின்னால் தடவி ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்த்த பிறகே முகத்தில் வை. கிரீமால் தோல் நொந்திருக்கும் உனக்கு இது கட்டாயம், டாக்டர் சரி என்று சொன்ன பிறகு.

ராத்திரி எவ்வளவு களைப்பாக வந்தாலும் கலைத்துவிட்டுப் படு. தேங்காய் எண்ணெய் கண்மைக்கும் லிப்ஸ்டிக்குக்கும் போதும், உனக்குப் பரு வரும் முகம் என்றால் முகம் முழுக்க எண்ணெய் வேண்டாம், மேக்கப் கலைக்கும் மைசெல்லார் வாட்டரைப் பஞ்சில் நனைத்துத் துடைத்துவிட்டு ஃபேஸ்வாஷ் போடு.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்துவிடு. காலை ஆறு மணிக்கு எல்லாம் போட்டு, பத்து மணிக்கு மொட்டை மாடியில் ஒரு போட்டோ, மதியம் மூன்று மணிக்கு அதே இடத்தில் இன்னொன்று. மூன்று மணிப் படத்தைப் பெரிதாக்கி மூக்கோரத்தையும் வாயோரத்தையும் பார். எங்கே பிரிந்திருக்கிறதோ அந்த இடத்தில் அடுத்த முறை பாதி போடு. தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் கோடு தெரிந்தால் ஷேடு தப்பு, பாட்டிலை எடுத்துக்கொண்டு பார்லருக்கு வா, பகல் வெளிச்சத்தில் உட்கார வைத்துச் சரியான எண்ணைப் பார்த்துத் தருகிறேன்.